பதில் சொல்ல வேண்டியவர் யார்?

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஆஸ்திரிய விவசாயி ஒருவர், தாம் எழுதிவைத்திருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு லின்ஸ் நகரத்து ஆயரைப் பார்க்கப் போனார். அவர் பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். பவேரிய எல்லையை ஒட்டிய சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூர்க்காரர், 1907இல் பிறந்தவர், மூன்று பெண் குழந்தைகளோடு குடும்பம் நடத்திவந்தவர், நிலத்தில் பாடுபட்டுக்கொண்டே ஊர்த் தேவாலயத்தில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தவர். ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைப்பது பற்றி 1938 ஏப்ரல் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் அந்த ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஆயரிடம் அவர் கொண்டுபோன கேள்விகளின் சாரம் இதுதான்: இது அநியாயமான போர் என்று தெரிந்த பிறகும் ஹிட்லரின் படையில் சேர்ந்து சண்டையிட்டால் அந்தப் பாவம் என்னைச் சேராதா? ஆயர் யோசப் ஃப்ளீசர் சொன்ன பதில் அன்றைய திருச்சபை வட்டாரங்களில் வழக்கமாகச் சொல்லப்பட்ட பதில். போர் நியாயமா அநியாயமா என்று முடிவுகட்டும் இடத்தில் ஒரு சாதாரணக் குடிமகன் இல்லை. அந்தப் பொறுப்பு ஆட்சியாளர்களுடையது. உன் பொறுப்பு உன் குடும்பம். விவசாயி அதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினார், ஆனால் ஏற்கவில்லை. 1943 மார்ச்சில் என்ஸ் நகரப் படைமுகாமில் ஆயுதம் ஏந்த மறுத்தார். மருத்துவ உதவியாளராகப் பணிசெய்யத் தயார் என்று சொன்னது எடுபடவில்லை. ஜூலை 6 அன்று பெர்லினில் இருந்த இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது.

ஆயரும் விவசாயியும் ஒரே விவிலியத்தை வாசித்தவர்கள், ஒரே ஞானோபதேசம் படித்தவர்கள். இருவரில் தம் மரபைச் சரியாகப் புரிந்துகொண்டவர் விவசாயிதான் என்பது இக்கட்டுரையின் வாதம். சுதந்திரம் என்றதும் இன்று நாம் எண்ணுவது நமக்கு முன்னால் எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பதையே. அந்தக் கணக்குப்படி, தண்டனைக்கு முன் பெர்லின் டேகல் சிறையில் கைவிலங்கோடு இருந்த அந்த விவசாயியிடம் சுதந்திரம் ஏறக்குறைய மிச்சமில்லை. கிறித்தவம் கணக்கை வேறு இடத்தில் தொடங்குகிறது. மனிதன் கடவுளால் அழைக்கப்பட்டவன்; அந்த அழைப்புக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும்; அவனுக்காக அந்தப் பதிலை அரசன் சொல்ல முடியாது, ஆயர் சொல்ல முடியாது, பெற்றவர்களும் சொல்ல முடியாது. பொறுப்பைக் கைமாற்ற முடியாது என்பதால்தான் எந்த அதிகாரமும் அவனை முழுமையாகச் சொந்தம் கொண்டாட முடியாது. பொறுப்பே வேர், சுதந்திரம் அதிலிருந்து முளைப்பது. தொடக்கநூலின் ஏதேன் கதையில், கனியைத் தின்ற மனிதனிடம் கடவுள் கேட்டபோது அவன் பெண்ணைக் கைகாட்டுகிறான், பெண் பாம்பைக் கைகாட்டுகிறாள். விலக்கப்பட்டதைத் தின்றது முதல் மீறல் என்றால், பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டியது அதன் முதல் விளைவு. சுதந்திரத்தை அவர்கள் இழக்கத் தொடங்கியது தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது அல்ல, அந்தப் பதில்களைச் சொன்னபோதே என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கருத்து விவிலியத்துக்குள்ளேயே போராடித்தான் வளர்ந்தது. கி.மு. 597இல் நெபுகத்நேசர் எருசலேமைப் பிடித்து அரசனையும் மேல்குடியினரையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அந்த நாடுகடத்தப்பட்ட கூட்டத்தில் இருந்தவர் எசேக்கியேல். தந்தையர் தின்ற புளித்த திராட்சைக்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பொருளில் ஒரு பழமொழி அங்கே புழங்கியது. முன்னோர் செய்த பாவத்துக்கு நாங்கள் அனுபவிக்கிறோம், எங்களால் செய்ய என்ன இருக்கிறது என்ற கசப்பு அதில் இருந்தது. எசேக்கியேலின் 18ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பழமொழிக்கு எதிரான வழக்காடல். நீதியாக வாழ்ந்த ஒருவன், கொள்ளையும் கொலையும் செய்யும் அவன் மகன், தகப்பனின் வழியை விட்டு விலகும் பேரன் என்று மூன்று தலைமுறைகளை அவர் வரிசையாக நிறுத்துகிறார். தாத்தாவின் நீதி மகனைக் காப்பாற்றாது. மகனின் குற்றம் பேரனைத் தொடாது. அதோடு நிறுத்தவில்லை. தீயவன் மனந்திரும்பினால் அவனுடைய பழைய குற்றங்களே அவனுக்கு எதிராக நிற்காது என்கிறார். அடுத்தவர் கணக்கு என்மேல் ஏறாது என்பதற்கு மறுபாதி, என் நேற்றைய கணக்கும் என்னை முடித்துவிடாது என்பது. பெற்றோரின் குற்றத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கும் கடவுளைப் பற்றி விடுதலைப் பயணநூல் சொல்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பெற்றோர் செய்ததன் விளைவு பிள்ளைகள்மேல் விழுவது யாரும் மறுக்க முடியாத உலக அனுபவம். நாடுகடத்தலே அப்படிப்பட்ட விளைவு. எசேக்கியேல் விளைவை மறுக்கவில்லை, குற்றத்தைத்தான் பிரித்துக்காட்டுகிறார். தண்டனைச் சட்டத்தில் உபாகமம் ஏற்கெனவே இந்தக் கோட்டைப் போட்டிருந்தது: பிள்ளைக்காகத் தகப்பனையோ, தகப்பனுக்காகப் பிள்ளையையோ கொல்லக்கூடாது.

கடினமான ஆட்சேபம் வேறு திசையிலிருந்து, கிறித்தவத்தின் நடுவிலிருந்தே வருகிறது. மனிதன் பிறக்கும்போதே பாவத்தால் காயப்பட்டவன், கடவுளின் அருள் இல்லாமல் அவனால் நன்மை செய்ய முடியாது என்று போதிக்கும் சமயம், தனிமனிதப் பொறுப்பைப் பற்றி எப்படிப் பேச முடியும்? முடியாதவனிடம் கணக்குக் கேட்பது நியாயமா? ஐந்தாம் நூற்றாண்டில் இதை மிகக் கூர்மையாகக் கேட்டவர் பெலேஜியஸ். பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த இந்தத் துறவி, அங்கே கிறித்தவர்களின் ஒழுக்கம் தளர்ந்திருந்ததைக் கண்டு வருந்தியவர். கட்டளையிட்ட கடவுளே அதை நிறைவேற்றும் ஆற்றலையும் தந்திருக்கிறார், செய்யாவிட்டால் குற்றம் நம்முடையதே என்பது அவர் நிலை. அவரை எதிர்த்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் 418இல் பெலேஜியஸின் போதனையைக் கண்டித்தார்கள். இதை வைத்துச் சிலர் பெலேஜியஸ் சுதந்திரத்தின் பக்கம், அகுஸ்தீன் விதியின் பக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அகுஸ்தீனின் வாழ்க்கை அப்படிச் சொல்ல விடாது. இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் மானிக்கேய சமயத்தைப் பின்பற்றினார். மனிதனுக்குள் தீமை செய்வது அவனல்ல, அவனுக்குள் புகுந்திருக்கும் வேறொரு தீய இயற்கை என்பது மானிக்கேயர்களின் கொள்கை. அந்தக் கொள்கை தமக்கு ஏன் இனித்தது என்பதை அகுஸ்தீன் பிற்காலத்தில் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் மறைக்காமல் எழுதினார்: குற்றம் செய்துவிட்டுத் தாம் குற்றவாளி இல்லை என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. அதைவிட்டு வெளியே வந்தபின் 388இல் தொடங்கி அவர் எழுதிய ஆரம்பகால நூல்களில் ஒன்று விருப்பச் சுதந்திரத்தைப் பற்றியதே.

அருளைப் பற்றிய அவருடைய போதனை பொறுப்பைக் கரைத்துவிட்டதா என்று பார்க்க, ஹத்ருமேத்தும் துறவிகளின் விவகாரத்தைவிட நல்ல சான்று கிடையாது. இன்றைய துனிசியாவின் சூஸ் நகரம் இருக்கும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. 426–427 வாக்கில் அகுஸ்தீனின் கடிதம் ஒன்று அந்த மடத்துக்குப் போய்ச்சேர்ந்து பெரும் சச்சரவைக் கிளப்பியது. எல்லாம் அருளின் செயல் என்றால் மடத்தலைவர் எங்களைக் கண்டிப்பது ஏன்? தவறு செய்தவனுக்கு அருள் கிடைக்கவில்லை என்றுதானே பொருள், அவனைத் திட்டாமல் அவனுக்காக மன்றாடிவிட்டுப் போகலாமே என்று சில துறவிகள் வாதாடினார்கள். தர்க்கப்படி பிசகில்லாத வாதம். தம் போதனையிலிருந்து அப்படி ஒரு முடிவு வரும் என்றால் அகுஸ்தீன் அதை ஏற்றிருக்க வேண்டும். அவர் ஏற்கவில்லை, அடுத்தடுத்து இரண்டு நூல்கள் எழுதினார், அவற்றில் ஒன்று கண்டிப்பையும் அருளையும் பற்றியது. கண்டிக்கப்படுவது வலிக்கிறது என்றால், அந்த வலியே திருந்தும் ஆசைக்கு வழியாகலாம். கண்டிப்பின் ஊடாகவும் அருள் வேலை செய்யும். என்னைக் கண்டிக்காதே என்று கேட்பவன் தன் குறை தனக்கே தெரியாமலிருக்க விரும்புகிறான் என்பது அவர் பதிலின் போக்கு. நோயாளியால் தானே எழுந்து நடக்க முடியாது என்பதும், மருந்தைத் தட்டிவிட்டது அவன்தான் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அருள் விருப்பத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காருவதில்லை, விருப்பத்தைக் குணமாக்குகிறது. அருளும் விருப்பமும் சரியாக எப்படி இணைகின்றன என்பதை அகுஸ்தீன் முழுமையாக விளக்கிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். யாருக்கு அருள் கிடைக்கும் என்ற முன்குறித்தல் கேள்வியில் அவருடைய கடைசிக் காலப் பக்கங்கள் இன்றும் மனத்தை உறுத்துகின்றன. ஆனால் விளக்கம் முழுமையடையாத இடத்திலும் அவர் பொறுப்பை விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பதினாறாம் நூற்றாண்டில் அதே வழக்கு மறுபடி நடந்தது. எராஸ்மஸ் 1524இல் மனித விருப்பத்தின் சுதந்திரத்தை ஆதரித்து எழுத, லூத்தர் அடுத்த ஆண்டே அது அடிமைப்பட்டது என்று மறுத்து எழுதினார். தன் மீட்பை மனிதனே சம்பாதிக்க முடியாது என்பதில் லூத்தர் அசையவே இல்லை. அதே லூத்தர்தான் 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசரின் முன் நின்று, இறைவார்த்தைக்குக் கட்டுப்பட்ட தம் மனச்சாட்சிக்கு எதிராக நடக்க முடியாது என்று மறுத்தவர். விருப்பம் கட்டுண்டது என்று போதித்தவரின் வாழ்க்கையில் மிகப் பெரிய தருணம், தாமே பொறுப்பேற்று நின்ற தருணம். 1547இல் திரிதெந்து சங்கம் அவரை மறுத்து, அருளோடு ஒத்துழைக்கவும் அதைத் தள்ளிவிடவும் மனிதனால் முடியும் என்று வரையறுத்தது. இரு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டன, ஆனால் பாவம் செய்தவன் அதற்குப் பொறுப்பாளி அல்ல என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

இனி மனச்சாட்சிக்கு வருவோம். பதிமூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: தவறான முடிவுக்கு வந்த மனச்சாட்சியும் ஒருவனைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும் என்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணத்தின் துணிச்சலை எண்ணிப்பார்க்க வேண்டும். கிறிஸ்துவை நம்புவது நல்லது. ஆனால் ஒருவனுடைய அறிவு அது தீமை என்று அவனுக்குக் காட்டினால், அந்த நிலையில் அவன் நம்ப முற்படுவது பாவம். சமயச் சிந்தனையாளர் ஒருவர் தம் சமயத்தின் மையத்தையே உதாரணமாக வைத்து இப்படி எழுதியிருக்கிறார். உடனே இயல்பான ஆட்சேபம் எழும். இப்படிச் சொன்னால் ஒவ்வொருவனும் தனக்குத் தானே சட்டமாகிவிட மாட்டானா? கொலைகாரனும் மனச்சாட்சிப்படி நடந்தேன் என்பானே? தோமா அடுத்த பகுதியிலேயே இதற்கு முகம்கொடுக்கிறார். தவறான மனச்சாட்சியை மீறுவது பாவம் என்பதால், அதைப் பின்பற்றுவது எப்போதும் குற்றமற்றது என்று ஆகிவிடாது. அறிந்திருக்க வேண்டியதை ஒருவன் வேண்டுமென்றே அறியாமல் விட்டிருந்தால் அந்த அறியாமைக்கும் அவனே பொறுப்பு. செயலுக்கு மட்டுமல்ல, எதைப் பார்க்க மறுத்தோம் என்பதற்கும் கணக்குண்டு.

இந்த அளவுகோலோடு யேகர்ஷ்டேட்டரின் மண்ணுக்குத் திரும்பிப் போனால் பல விஷயங்கள் துலங்குகின்றன. லின்ஸுக்குப் பக்கத்தில் ஹார்ட்ஹைம் என்ற கோட்டை இருக்கிறது. 1940, 1941ஆம் ஆண்டுகளில் மனநோயாளிகளும் உடல் ஊனமுற்றவர்களுமாகச் சுமார் 18,000 பேர் அங்கே விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். கொலைக்கூடத்துப் புகை சுற்றுவட்டாரத்துக்குத் தெரியாமல் இல்லை. போர் பற்றித் தீர்மானிக்கத் தேவையான தகவல் குடிமகனிடம் கிடையாது என்ற வாதம் இங்கேதான் வலுவிழக்கிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத கிராமப் பள்ளிப் படிப்புதான் விவசாயிக்கு. ஆனால் அவர் விவிலியம் வாசித்தார், புனிதர் வரலாறுகள் வாசித்தார், பங்குக் குருக்களிடம் கேட்டார், ஆயரிடமே போய்க் கேட்டார். அரசு தந்த குடும்ப உதவித்தொகையைக்கூட வாங்க மறுத்தார். மனச்சாட்சி என்பது மனத்தில் தோன்றியதைச் செய்வது என்றால் இத்தனை விசாரணை தேவையில்லை. எதிர்ப்புறத்தில் அதே லின்ஸ் நகரில் வளர்ந்த இன்னொருவரை வைத்துப் பார்க்கலாம். அடால்ஃப் ஐக்மன் 1906இல் பிறந்தவர், யேகர்ஷ்டேட்டரைவிட ஒரு வயது மூத்தவர். லட்சக்கணக்கான யூதர்களை வதைமுகாம்களுக்கு ரயிலேற்றும் பணியை ஒழுங்குபடுத்திய அவர், 1961இல் எருசலேம் நீதிமன்றத்தில் முன்வைத்த வாதம், மேலிடத்து உத்தரவை நிறைவேற்றினேன், பொறுப்பு என்னுடையதல்ல என்பது. ஆயர் ஃப்ளீசரை ஐக்மனோடு சேர்த்து எண்ணுவது பெரிய அநியாயம்; அவர் அந்த விவசாயியின் உயிரைக் காப்பாற்ற முயன்றவர். ஆனால் அவர் பரிந்துரைத்த கொள்கையைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்பதை ஐக்மன் நின்ற குற்றவாளிக் கூண்டு காட்டியது.

ஆளும் அதிகாரங்களுக்குப் பணிந்திருங்கள் என்று பவுல் உரோமையருக்கு எழுதியிருக்கிறாரே என்பது அடுத்த ஆட்சேபம். அன்றைய ஜெர்மானியப் பிரசங்க மேடைகளில் ஓயாமல் ஒலித்த பகுதி அது. பவுல் அதே பகுதியில் அதிகாரத்தைக் கடவுளின் பணியாளர் என்கிறார்; பணியாளருக்கு எஜமான் ஒருவர் உண்டு என்றால் பணியாளரின் கட்டளைக்கும் எல்லை உண்டு. திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு, மனிதருக்கா கடவுளுக்கா கீழ்ப்படிவது என்ற இடத்தில் கடவுளைத் தேர்ந்து தலைமைச் சங்கத்தின் முன் நின்றார். திருச்சபை இந்தப் பக்கத்தைத் தன் போதனையில் அழுத்தமாக எழுதியது 1965 டிசம்பர் 7 அன்று. அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை, எவரையும் மனச்சாட்சிக்கு எதிராக நடக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது. 2,308 பேர் ஆதரவாகவும் 70 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அதே நாளில் வந்த மற்றோர் ஆவணம், மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டத்தில் மனிதாபிமானத்தோடு இடம் தரப்பட வேண்டும் என்றது. அந்த விவாதத்தின்போது யேகர்ஷ்டேட்டரின் கதையைச் சங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். அமெரிக்கச் சமூகவியலாளர் கார்டன் ஜான் 1964இல் வெளியிட்ட நூல்தான் அதற்கு வழிசெய்தது.

மனச்சாட்சி எல்லாருக்கும் ஒரே விடையைத் தரும் என்று எண்ணினால் அதுவும் தவறு. யேகர்ஷ்டேட்டர் டேகல் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட 1943 மே மாதத்தில் அங்கே இன்னொரு கைதி இருந்தார்: லூத்தரன் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹாஃபர். ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் பங்கேற்றவர். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். ஒருவர் கொலைக்கருவியைத் தொட மறுத்தார், மற்றவர் கொடுங்கோலனைக் கொல்லும் திட்டத்துக்கு உடன்பட்டு, அதன் குற்றச்சுமையையும் ஏற்கத் தயாராக இருந்தார். கிறிஸ்து நம் பாவத்தைச் சுமந்துவிட்டார், இனி நமக்கென்ன என்று சாய்ந்துகொள்வதை மலிவான அருள் என்று 1937இலேயே கண்டித்தவர் போன்ஹாஃபர். மன்னிப்பு என்பது கணக்கை மூடிவைக்கும் ஏற்பாடு ஆகாது. மன்னிக்கப்படுவதற்கே ஒருவன் முதலில் இது நான் செய்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வறுமையும் அச்சமும் பழக்கமும் மனிதனை எப்படி நெருக்குகின்றன என்பதை இந்தப் போதனை மறந்துவிடுகிறது என்ற குறை உண்மையில் பொருந்தாது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே அறியாமை, வன்முறை, பயம், பழக்கம் போன்றவை ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கவும் முற்றிலும் நீக்கவும் கூடும் என்று ஒப்புக்கொள்கிறது. எனக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றும் ஆட்சேபம் ஆயர் சொன்னதுதான்: குடும்பம். மனைவியையும் மூன்று சிறுமிகளையும் அநாதரவாக விடுவதும் பொறுப்பின்மைதானே? இதற்கு மழுப்பலான பதில் சொல்லக்கூடாது. யேகர்ஷ்டேட்டர் மறுத்ததன் விலையில் பெரும்பகுதியைக் கட்டியவர் அவர் மனைவி ஃபிரான்சிஸ்கா. ஊரில் பலர் அவரையே குற்றம்சொன்னார்கள். போரில் இறந்தவர்களின் விதவைகளுக்குத் தரப்பட்ட ஓய்வூதியம் அவருக்கு 1950வரை மறுக்கப்பட்டது. அதுவரை நிலத்தையும் பிள்ளைகளையும் அவர் ஒற்றை ஆளாகத் தாங்கினார். குடும்பத்தைப் பேணுவது கடமை. ஆனால் அந்தக் கடமைக்காகப் பிறர் குடும்பங்களை அழிக்கும் படையில் சேரலாம் என்று ஆகாது. யேகர்ஷ்டேட்டர் இதை வாதமாக வெல்லவில்லை, கண்ணீரோடு கடந்தார். முதலில் கணவரின் மனத்தை மாற்ற முயன்ற ஃபிரான்சிஸ்கா, பிறகு அவர் பக்கம் நின்றார். தானும் கைவிட்டிருந்தால் அவருக்கு யாருமே இருந்திருக்கமாட்டார்கள் என்பது அவர் பின்னாளில் சொன்ன காரணம். அவரும் தன் பதிலைத் தானே சொன்னவர். அவரைக் கணவர் முடிவின் பலியாக மட்டும் பார்ப்பது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது.

போர் முடிந்தபின் 1946இல் யேகர்ஷ்டேட்டரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்டத் தாளில் வெளியிட ஆயர் ஃப்ளீசர் அனுமதி தரவில்லை. கடமையென்று நம்பிப் போர்முனைக்குப் போய் மாண்ட இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. அவர் தம் மந்தையின் துக்கத்தைக் கண்முன் கண்டவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களிடம் உன் மகன் தவறான இடத்தில் இறந்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒருவரின் மறுப்பைப் போற்றினால் மற்ற அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகும் என்ற அச்சம் அதில் இருக்கிறது. பதில் சொல்லும் கடமையைக் கைமாற்ற முடியாது என்றால், மற்றவருக்காகப் பதில் சொல்லும் உரிமையும் எனக்குக் கிடையாது. அந்த இளைஞர்களில் எவருக்கு என்ன தெரிந்திருந்தது, எந்த அச்சம் எவரை நெருக்கியது என்பது அவர்களுக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம். யேகர்ஷ்டேட்டருக்கு இது தெரிந்திருந்தது. நம் ஆயர்கள்மேலும் குருக்கள்மேலும் கல்லெறிய வேண்டாம், அவர்களும் நம்மைப்போலவே சதையும் ரத்தமுமான மனிதர்கள், தடுமாறக்கூடியவர்கள் என்ற பொருளில் தம் குறிப்புகளில் அவர் எழுதியிருக்கிறார். தமக்குக் கிடைத்த தெளிவை அவர் தம் திறமையாகவும் எண்ணவில்லை, அருளாகவே எண்ணினார். அப்படி எண்ணியவர்தான், தாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமக்குப் பதிலாக வேறு யாரையும் தீர்மானிக்க விடவில்லை.